அளவுகோலுடன் மலையேறிய எட்கர் தர்ஸ்டன்

தமிழ்நாட்டுக் குலங்களைப் பற்றியோ மலைவாழ் மக்களைப் பற்றியோ யார் கட்டுரை எழுதினாலும் அதில் தவறாமல் இடம்பெறும் ஒரு பெயர் உண்டு. அதுதான் எட்கர் தர்ஸ்டன். 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற பெருநூலின் ஆசிரியர் இவர். மலேசியாவில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு இவரைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லை. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில்தான் இவர் பெயரை முதலில் கேட்டேன். வயதில் மூத்த மாமா ஒருவர், நம் சாதியின் பெருமையை வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான் என்று வாதிட்டுக் கொண்டிருந்தார். அந்த வெள்ளைக்காரர் யார், எதற்காக எழுதினார், எப்படி எழுதினார் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் படித்தவற்றை நம் கழக ஆண்டிதழ் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மருத்துவர், அருங்காட்சியகக் காப்பாளர்

தர்ஸ்டன் 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் படித்தார். பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1877இல் தகுதி பெற்றார். கெண்ட் மாவட்டத்தின் மனநோயாளர் இல்லத்தில் சில காலம் பணியாற்றினார். கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகத்தையும் கவனித்துக் கொண்டார். 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பது.

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. தர்ஸ்டன் அங்கே வந்தபோது மானிடவியல் அவருடைய துறையாக இருக்கவில்லை. பழைய நாணயங்களைப் பற்றி எழுதினார். இராமேசுவரம் தீவுக்கும் தூத்துக்குடிக்கும் சென்று முத்துக்குளித்தலையும் மன்னார் வளைகுடாவின் கடல்வாழ் உயிர்களையும் ஆராய்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். சங்கு, சிப்பி, பவளம் என்று வகைப்படுத்திப் பழகிய கண்கள் பின்னாளில் மனிதர்களையும் அதே முறையில் பார்க்கத் தொடங்கின. அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இது முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு பொருளை எடு, அள, பெயரிடு, பெட்டியில் வை என்பதே அருங்காட்சியகத்தின் அன்றாட வேலை.

நீலகிரியில் ஐந்து இனங்கள்

1894இல் தர்ஸ்டன் வங்காள ஆசியக் கழகத்திடம் உடலளவைக் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு நீலகிரிக்குப் புறப்பட்டார். அப்போது மலை இரயில் இல்லை. குன்னூருக்கு இரயில் வந்ததே 1899இல்தான். சென்னை வெயிலில் வெந்து கொண்டிருக்கும்போது குளிர்ந்த மலையில்தான் இவருக்கு மானிடவியல் ஆய்வு தேவைப்படுகிறது போலும் என்று அலுவலக வட்டாரத்தில் கேலி பேசினார்கள். அதைத் தம் நூலின் முன்னுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் அவர் நீலகிரியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஒரே மலையில், நடந்து போகக்கூடிய தொலைவில், ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான வாழ்க்கை முறை கொண்ட மக்கள் வாழ்ந்தார்கள். மேட்டுப் புல்வெளிகளில் எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். 1901 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறக்குறைய எண்ணூறு பேர்தான். இரும்பு வேலை, மட்பாண்டம், இசை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் கோத்தர்கள். மைசூர்ப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து உழவு செய்தவர்கள் படகர்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. காட்டுச் சரிவுகளில் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தவர்கள் குறும்பர்களும் இருளர்களும். தோடரின் நெய்யும், கோத்தரின் அரிவாளும், படகரின் தானியமும், குறும்பரின் தேனும் மந்திரமும் இவர்களுக்குள் கைமாறிக் கொண்டிருந்தன. தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வந்து குழல் ஊதினார்கள். ஆனால் ஓர் இனத்தார் மற்றோர் இனத்தில் பெண் எடுப்பதில்லை. பக்கத்தில் வாழ்ந்தும் கலவாத இவர்களின் உடல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கேட்ட அக்கால அறிவியலுக்கு இந்த மலை ஆயத்தமான ஆய்வுக்கூடமாகத் தெரிந்தது.

தோடர்களுக்கு இது புதியதும் அன்று. 1873இலேயே மார்ஷல் என்ற படை அதிகாரி, மண்டையோட்டின் மேடு பள்ளங்களைக் கொண்டு குணத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையோடு அவர்களின் தலைகளைத் தடவிப் பார்த்து ஒரு நூல் எழுதியிருந்தார். மண்டையோட்டுக் குணக்கணிப்பு இன்று பொய் அறிவியல் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. தோடர்கள் காணாமற்போன இசுரேலியக் குலத்தார் என்றும் உரோமானியர் என்றும் கதை கட்டியவர்களும் இருந்தார்கள். தர்ஸ்டன் இத்தகைய கற்பனைகளை நம்பாமல் எண்களை நம்ப விரும்பினார்.

அளந்த முறை

உயரம், மார்புச் சுற்றளவு, தோள் அகலம், கை நீளம், பாதம் எனப் பலவற்றை அவர் அளந்தார். அவற்றுள் இரண்டுக்கு அக்காலத்தில் தனி மதிப்பு இருந்தது. முதலாவது தலை அளவெண். தலையின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் இது கிடைக்கும். நீளம் 19 சென்டிமீட்டர், அகலம் 14 என்றால் அளவெண் ஏறக்குறைய 74. 75க்குக் கீழே வந்தால் நீள்தலையர். இரண்டாவது மூக்கு அளவெண். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் உயரத்தால் வகுக்க வேண்டும். 70க்குக் கீழ் கூர்மூக்கு, 70 முதல் 85 வரை நடுமூக்கு, அதற்கு மேல் அகல்மூக்கு என்று பிரித்தார்கள்.

தர்ஸ்டன் அளவுகளைத் தாமே எடுத்தார். ஆளுக்கு ஆள் கை வேறுபடுவதால் வரும் பிழையைத் தவிர்க்க இதுவே வழி என்று கருதினார். 1896இல் தோடர், கோத்தர் பற்றிய அறிக்கை அருங்காட்சியக வெளியீடாக அச்சேறியது. அவர் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோடர் ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 170 சென்டிமீட்டர். படகரும் கோத்தரும் 163, 164 அளவில் இருந்தார்கள். இருளரும் குறும்பரும் 160க்குக் கீழே இருந்தார்கள். தோடர், கோத்தர், படகர் ஆகிய மூவரின் சராசரித் தலை அளவெண்ணும் 75க்குக் கீழேதான். எருமை மேய்ப்பவரும் இரும்படிப்பவரும் ஏர் உழுபவரும் தலை வடிவில் ஒரே வகைக்குள் அடங்கிவிட்டார்கள். மூக்கு அளவெண்ணில் இந்த மூவரும் 75 முதல் 77 வரை நெருங்கி நிற்க, காட்டுச் சரிவில் வாழ்ந்தவர்கள் 85 அளவில் இருந்தார்கள்.

அஞ்சி ஓடிய மக்கள்

அளப்பவரின் எண்களைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆர்வத்தைவிட, அளக்கப்பட்டவர்களின் அச்சத்தைப் படித்தபோது ஏற்பட்ட கலக்கமே பெரிது. அந்த அச்சத்தையும் தர்ஸ்டனே சற்று நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார்.

வயநாட்டில் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்கள். தங்களுள் சிறந்த சிலரைப் பிடித்து, பஞ்சடைத்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று நினைத்தார்களாம். விலங்குகளைப் பாடம் செய்து நிறுத்தியிருந்த இடத்திலிருந்து வந்தவர்தானே அவர்? பழைய சிறு குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்ட இருளர் ஒருவர், உயரம் அளக்க நட்டு வைத்த கோலைத் தூக்குமரம் என்று எண்ணி நிற்க மறுத்துவிட்டார். மூக்கின் மேல் அடையாளத்துக்காக வைத்த வெள்ளைச் சாயப் புள்ளி பின்னர் கொப்புளித்து எண்ணாக மாறும், அதைக் கொண்டு நம்மைப் பிடித்துச் செல்வார்கள் என்று மைசூர்ப் பகுதி மக்கள் பேசிக்கொண்டார்கள். ஓர் ஊரில் நாவிதர் ஓடிவிட்டதால் அதிகாரி சவரம் செய்யாத முகத்தோடு வந்து வருத்தம் தெரிவித்தார். மற்றோர் ஊரில் தேர் இழுக்க ஆளில்லை. அளக்கும் அறைக்குள் நுழைந்த கணவனிடம் ஒரு பெண் இனி பார்க்கவே முடியாது என்பதுபோல விடைபெற்றுக் கொண்டாள்.

அவர்கள் எதற்கு இப்படி அஞ்சினார்கள்? தென்னாப்பிரிக்காவுக்கு ஆள் பிடிப்பவர் என்று தர்ஸ்டனை நினைத்ததே முக்கியக் காரணம். போயர் போர் 1902இல் முடிந்திருந்த காலம் அது. இறந்துபோன போயர்களின் இடத்தை நிரப்பத் தங்களைக் கப்பலேற்றுவார்கள் என்று, தங்களைப் போயன் என்று அழைத்துக் கொண்ட ஒட்டர்கள் நடுங்கினார்கள். தர்ஸ்டனுக்கு இது வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. மலேசியத் தமிழனான எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1860 முதலே சென்னைத் துறைமுகத்திலிருந்து நாட்டாலுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ஏறியவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம் ஆகியவை ஏட்டில் எழுதப்பட்டன. அதே ஆண்டுகளில்தான் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். உயரத்தையும் அடையாளத்தையும் குறித்துக்கொள்ளும் வெள்ளைக்காரரைக் கண்டு ஓடியவர்கள் அறியாமையால் ஓடவில்லை. முன்பு குறிக்கப்பட்டவர்கள் திரும்பி வராததைப் பார்த்துத்தான் ஓடினார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் அந்தக் காலத்து மக்கள்தாம்.

சிறைக்கும் அளவைக்கும் இருந்த தொடர்பும் வெறும் கற்பனை அன்று. பாரிசு நகரக் காவல்துறையில் பெர்ட்டியோன் என்பவர் குற்றவாளிகளை உடலளவு கொண்டு அடையாளம் காணும் முறையை உருவாக்கியிருந்தார். தர்ஸ்டன் சென்னைக் காவல்துறையினருக்கு உடலளவைப் பயிற்சி அளித்தார். 1897 முதல் இந்தியாவில் கைரேகை முறை அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. தூக்குமரம் என்று நினைத்த அந்த இருளரின் பயம் முழுவதும் தவறு என்று யாரால் சொல்ல முடியும்?

எண்கள் சொல்லாதவை

1901இல் இந்திய அரசு நாடு முழுவதற்குமான இனவியல் ஆய்வைத் தொடங்கியது. அதன் தலைவர் ரிஸ்லி. மூக்கு அகலமாக ஆக ஆகச் சாதியின் சமூக நிலை தாழும் என்று வங்காளப் பகுதியின் அளவுகளைக் கொண்டு விதி வகுத்தவர் அவர். சென்னை மாகாணப் பொறுப்பு தர்ஸ்டனுக்குக் கிடைத்தது. ஆனால் தர்ஸ்டனின் சொந்த அட்டவணைகளே ரிஸ்லியின் விதிக்கு இடையூறாக நின்றன. தெற்கில் சாதி அடுக்கும் மூக்கு வரிசையும் பொருந்தவில்லை. செங்கற்பட்டுச் சமவெளியில் வாழ்ந்த இருளர்களின் மூக்கு அளவெண் நீலகிரி இருளர்களுடையதைவிடக் குறைவாக வந்தது. ஒரே பெயருடைய மக்கள் இடம் மாறினால் எண்ணும் மாறுகிறது. பின்னர் 1932இல் சமூகவியலாளர் குர்யே, கங்கைச் சமவெளிக்கு வெளியே ரிஸ்லியின் விதி நிற்காது என்று எடுத்துக்காட்டினார்.

நான் அறிவியல் மாணவன். ஆய்வகத்தில் காலிப்பரைப் பிடித்துப் பழகியவன். எனவே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூக்கின் உயரம் 5 சென்டிமீட்டர், அகலம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அளவெண் 80. அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைத்து அளந்தால் 78. தோடருக்கும் கோத்தருக்கும் தர்ஸ்டன் கண்ட சராசரி வேறுபாடும் ஏறக்குறைய இந்த இரண்டுதான். உயிருள்ள மனிதனின் மூக்கு மெல்லிய தசை. காலிப்பரைச் சற்று அழுத்தினாலே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். அளந்ததோ ஓர் இனத்துக்குச் சில பத்துப் பேர். அவர்களும் பெரும்பாலும் ஆண்கள். எண் துல்லியமாக அச்சாகி இருப்பதால் அது சொல்லும் செய்தியும் துல்லியமானது என்று நம்பிவிடக் கூடாது.

அமெரிக்காவில் பிரான்சு போவாசு என்ற அறிஞர், குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக ஏறக்குறைய பதினெட்டாயிரம் பேரை அளந்து, புதிய நாட்டில் பிறந்த பிள்ளைகளின் தலை அளவெண் பெற்றோரிடமிருந்து மாறுபடுவதை 1910, 1912 ஆண்டுகளில் வெளியிட்டார். மாற்றம் எவ்வளவு பெரிது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் இனத்தின் நிலையான முத்திரை தலை வடிவம் என்ற நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. 1972இல் லெவன்டின் என்ற மரபியலாளர், மனித மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டினார்.

நீலகிரி மக்களின் உறவைக் காட்டியது வேறொரு துறை. தர்ஸ்டன் இறந்த அதே 1935இல் மொழியியலாளர் எமனோ இந்தியா வந்தார். தோடா, கோத்தா மொழிகளைக் கேட்டு எழுதினார். அவை தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய தென்திராவிட மொழிகள் என்பது தெளிவாயிற்று. எருமையைக் குறிக்கும் தோடச் சொல்லும் நம் எருமை என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உடலை அளந்து தேடிய உறவு நாவில் இருந்தது.

உடலை ஆராய்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைமக்களிடம் அரிவாள் உயிரணுக் கூறு இருப்பதைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அந்தப் பரம்பரைக் கூறு முதன்முதலாக அறியப்பட்ட நிகழ்வுகளுள் அது ஒன்று. அந்த அறிவு நோயறிதலுக்கும் மருத்துவத்துக்கும் வழி திறந்தது. அளவு யாருக்குப் பயன்படுகிறது என்பதே இங்கே கேள்வி.

ஏழு தொகுதிகள்

தர்ஸ்டனை வெறும் மூக்களந்தவர் என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. ரங்காச்சாரி அவருக்கு வலக்கரமாக இருந்தார். செய்தி திரட்டுவதிலும் ஒளிப்படம் எடுப்பதிலும் ரங்காச்சாரியின் உழைப்பு பெரிது. நூலின் முகப்பில் அவர் பெயரும் உண்டு. மலைமக்களின் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்தார்கள். திருமணம், சாவு, விழா, உணவு, அணி, நம்பிக்கை என முந்நூறுக்கும் மேற்பட்ட மக்கள் கூட்டங்களைப் பற்றிய செய்திகளை அகர வரிசையில் தொகுத்தார்கள். மறைந்துபோன பல வழக்கங்கள் அந்தப் பக்கங்களில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. க. ரத்னம் அவர்களின் தமிழாக்கத்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1986 முதல் வெளியிட்டது.

பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியபின் தென்னிந்தியச் சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றி 1912இலும் சென்னை மாகாணம் பற்றி 1913இலும் நூல்கள் வெளியிட்டார். பிறகு மனிதர்களை அளப்பதை விட்டுவிட்டார். கார்ன்வால் பகுதியின் செடிகொடிகளிலும் மரங்களிலும் மனத்தைச் செலுத்தினார். 1930இல் அப்பகுதி மரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1935 அக்டோபரில் பென்சான்ஸ் நகரில், எண்பது வயதை ஒட்டி அவர் வாழ்க்கை முடிந்தது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தர்ஸ்டன் நீலகிரியில் அளந்த அதே தலைமுறையில், நம் நாட்டுப் பூர்வகுடி மக்களும் அளக்கப்பட்டார்கள். அன்னண்டேலும் ராபின்சனும் பேராக்கிலும் வடக்கு மாநிலங்களிலும் அளந்து 1903 முதல் வெளியிட்டார்கள். ருடால்ப் மார்ட்டின் 1905இல் செருமன் மொழியில் ஒரு பெருநூல் எழுதினார். அன்று அவர்களுக்கு வழங்கிய சாக்காய் என்ற சொல் இழிவானது என்று இன்று கைவிடப்பட்டுள்ளது. நெக்ரிட்டோ, செனோய், மலாய் மூதாதையர் என்ற மூன்று பெரும் பிரிவுகளும் பதினெட்டு உட்பிரிவுகளும் இன்றும் அலுவல் ஏடுகளில் இருக்கின்றன. அந்தப் பிரிவினைக்குப் பின்னே இந்த அளவுகோல்களும் உண்டு.

இடைநிலைப்பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் பாரம் நிரப்பும்போது இனம் என்ற கட்டத்தில் நாம் அடையாளமிட்டிருக்கிறோம். மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின். என் வகுப்பில் படித்த பூர்வகுடித் தோழன் ஒருவன் ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டத்தில்தான் அடையாளமிடுவான். தான் தெமியார் என்று எழுத அங்கே இடமில்லை. எவரோ எப்போதோ வகுத்த கட்டத்துக்குள் ஒரு மனிதன் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டிய நிலையை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அது உறைத்தது.

திருமண வீட்டு மாமாவின் வாதத்துக்கும் இங்கே விடை இருக்கிறது. தர்ஸ்டன் எந்தச் சாதிக்கும் பெருமைச் சான்றிதழ் தரவில்லை. அந்தந்த வட்டாரத்தில் கேட்டதையும், அதிகாரிகள் அனுப்பியதையும், தம் கருவி காட்டியதையும் தொகுத்தார். அதில் ஒருவரை உயர்த்தும் வரியும் இருக்கும், இன்னொருவரைத் தாழ்த்தும் வரியும் இருக்கும். நமக்குப் பிடித்த வரியை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடல் கடந்த நாட்டிலும் சாதி பேசுவது அறிவுடைமை ஆகாது. தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே குழாயடியில் நீர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இன்று பல்கலைக்கழகத்தில் ஒருவரின் உயரத்தை அளக்க வேண்டுமென்றால்கூட, எதற்காக அளக்கிறோம் என்று விளக்கி, அவர் கையொப்பம் பெற்ற பிறகே அளக்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. நீலகிரியில் கோலைப் பார்த்து மறுத்து நின்ற அந்த இருளர் அந்த உரிமையைத் தாமாகவே எடுத்துக் கொண்டார். நம்மில் பலர் நாளை மருத்துவர்களாகவும் ஆய்வாளர்களாகவும் அரசு அதிகாரிகளாகவும் அளவுகோலைப் பிடிக்கும் இடத்தில் இருக்கப் போகிறோம். அப்போது தர்ஸ்டனின் உழைப்பை மதிப்போம். எதிரே நிற்பவரின் அச்சத்தையும் கேட்டு, அதற்கு மறுமொழி சொன்ன பிறகே அளப்போம்.